ஓடினால்தானே தேயும்

மணவாளனின் இடது மணிக்கட்டு ஒடிந்தது பீரோக் கதவைத் திறக்கும்போது. கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்பதற்காகவே அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாடியிலிருந்து விழுந்தேன், பைக்குக்காரன் இடித்துவிட்டான் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. மழைக்கு உப்பிப்போன மரக்கதவை ஒரு இழு இழுத்ததற்கு எலும்பு டக்கென்றது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஆரணியில் பாதித் தெருக்களின் விசைத்தறிகளைப் பழுதுபார்த்த பிட்டரின் கை அது. துருப்பிடித்த போல்ட்டெல்லாம் அந்தக் கைக்குப் பயந்து கழன்று வந்த காலம் உண்டு.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டரம்மா, "எலும்பு தேய்மானம் இருக்குங்க. பொம்பளைங்களுக்குத்தான் வரும்னு நெனச்சுக்கறாங்க, ஆம்பளைங்களுக்கும் வரும்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நான் மட்டுந்தாங்க."

"வெளிய போறது வர்றது உண்டா? சிநேகிதங்க, சொந்தக்காரங்க?"

மணவாளனுக்குச் சுருக்கென்றது. கைக்கு மாவுக்கட்டுப் போட வந்தவனிடம் வீட்டுக் கதையை எதற்குக் கிளறுகிறார்கள்? "எல்லாம் உண்டுங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். டாக்டரம்மா அதற்குப் பிறகும் வெயில் என்றார், நடை என்றார், முட்டை என்றார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மண்டையில் அந்த ஒரு வார்த்தைதான் உட்கார்ந்திருந்தது. தேய்மானம்.

வேறு யாரிடமாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் மாத்திரையை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சொன்னது தறி பிட்டரிடம். தேய்மானம் என்றால் என்னவென்று மணவாளனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பல்சக்கரம் தேயும், புஷ் தேயும், பெல்ட் தேயும். எதனால் தேயும்? ஓடுவதால் தேயும். ராத்திரி பகலாக ஓட்டினால் சீக்கிரம் தேயும், ஒரு ஷிப்டு ஓட்டினால் மெதுவாகத் தேயும், பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால் தேயவே தேயாது. ஒரு புஷ் தேய்ந்துபோய், மாற்றுவதற்குப் புதுசு கிடைக்காதபோது தறிக்காரர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை. எலும்புக்கு எந்தக் கடையில் புதுசு கிடைக்கும்?

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போதே தன் உடம்பை நிறுத்தி வைப்பதென்று மணவாளன் முடிவு செய்துவிட்டார். அவர் சிக்கனக்காரர். அந்தச் சிக்கனம் இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டது?

உண்மையைச் சொன்னால், பாதி நிறுத்தம் அதற்கு முன்பே ஆகியிருந்தது. மனைவி ஸ்வர்ணலதா இறந்த பிறகு தெருவில் இறங்கினால் ஒரே கேள்வி: "சாப்பாட்டுக்கு இன்னா பண்றீங்க?" அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்குள் ஸ்வர்ணலதா ஒரு தடவை செத்தாள். அதனால் கோயிலை விட்டார். கல்யாணம் கருமாதிகளை விட்டார். விடாமல் இருந்தது ஒன்றுதான். காலையில் பக்கத்துத் தெரு சுப்பராயலுவோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு வருவது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சுப்பராயலு பட்டுக்குச் சாயம் போடுகிறவர், ஓயாமல் பேசுவார். மணவாளன் உம் கொட்டுவார். அந்த நடையும் மாவுக்கட்டோடு நின்றது.

"கட்டு பிரிச்சதும் வரேன்டா" என்று சொல்லியிருந்தார். கட்டைப் பிரித்தார்கள். இவர் போகவில்லை.

பயம் சும்மா இருக்குமா? தினம் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தது. முதலில் மாடிப்படி. பிறகு கிணற்றடி. பிறகு ஈரத் தரை எல்லாமே. எலும்பு தேய்ந்தவர்களுக்குத் தும்மினால்கூட விலா ஒடியும் என்று யாரோ போனில் அனுப்பிய வீடியோவில் பார்த்ததிலிருந்து, மூக்கு அரித்தால் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர நிற்பார். எழுந்து நின்றால் முழங்கால் சொடுக்கியது. பக்கத்துத் தறிக்கூடத்தில் எட்டுத் தறி ஓடினாலும் எந்தத் தறியில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று படுத்தபடியே சொல்லக்கூடிய காது அது. இப்போது அந்தக் காது உள்ளே திரும்பிவிட்டது. கழுத்தில் ஒரு கடக், இடுப்பில் ஒரு நறநற. ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்படியே நின்று, அடுத்தது எங்கே என்று காத்திருந்தார்.

உட்கார்ந்திருந்தால் சத்தம் இல்லை. அதனால் உட்கார்ந்தார். ஹாலில் ஸ்வர்ணலதா வாங்கிப் போட்ட துணிச் சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. அதில் சாய்ந்துவிட்டால் உடம்பு எங்கேயும் உரசாது.

ஆனால் தெரு விடவில்லை. பக்கத்துத் தறிக்கூடத்து முதலாளி துரைக்கண்ணு வாரத்தில் இரண்டு தடவை வந்து, "மாமா, ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க, தறி நின்னு போச்சு" என்பான். சுப்பராயலு காலையில் வந்து, "இன்னாப்பா, ஜல்தி வா" என்பார். ஒவ்வொரு கூப்பாடும் மணவாளனுக்குத் தேய்மானமாகவே பட்டது. ஒருநாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஓசூரில் இருக்கிற மகன் ராஜ்குமார் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கப்போவதாகத் தெருவெல்லாம் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு, சந்து வழியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, பின்கதவு வழியாக உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ராஜ்குமாருக்கு இது தெரியாது. அவன் போன் பண்ணினால், "நல்லாக்கீறேன்ப்பா, சுப்பு கூட நடந்துட்டு இப்பத்தான் வந்தேன்" என்பார். தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. காசியம்மாள், பின்சந்தில் இட்லி சுட்டு விற்கிறவள், கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து பின்கதவில் கொடுத்துவிட்டுப் போவாள்.

"ஊர்ல இருந்துகினே ஊர்ல இல்லன்றீங்க. இது இன்னா கூத்துங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உடம்புக்கு ரெஸ்ட்டும்மா. யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்லவில்லை. அவளுக்கும் வியாபாரம்தானே.

முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. தறிகள் ஓடத் தொடங்குவதற்கு முன், விடியற்காலையில் சுப்பராயலு வந்து கதவருகில் நிற்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. பூட்டை ஒரு தடவை தொட்டு ஆட்டினார். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார். மறுவாரமும் வந்தார். உள்ளே மணவாளன் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி இருந்தார். அடுத்த வாரம் செருப்புச் சத்தம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. கூடவே நெஞ்சில் என்னவோ கனத்தது. அதையும் எலும்புக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்.

உடம்பு தேறியதா என்றால் அதுதான் இல்லை. தொடை வற்றிப்போய் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கேரியரைத் தூக்கக் கை நடுங்கியது. பின்கதவுக்குப் போய் வருவதற்குள் நெஞ்சு படபடத்தது. மணவாளன் பார்த்தார்: இவ்வளவு நிறுத்தி வைத்தும் தேய்கிறதே, அப்படியானால் இன்னும் நிறுத்த வேண்டும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். என்ன மனுஷன் என்று நமக்கு எரிச்சல் வரலாம். பயந்தவனுக்குத் தன் கணக்கு ஒருபோதும் தப்பாகத் தெரியாது.

ஒருநாள் காசியம்மாள் காலையிலேயே வந்தாள். சேத்துப்பட்டில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து, போய்விட்டு நாளை மறுநாள்தான் வருவேன் என்றாள். புளிசாதமும் தயிரும் வாழைப்பழமும் வைத்துவிட்டு, "கதவ தாப்பா போட்டுக்கங்க" என்று சொல்லிப் போனாள். அவர் தாழ்ப்பாளைப் போட்டார். போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டார். சாய்வு நாற்காலிக்கு வந்து சாய்ந்தார்.

மத்தியானம் கண் அசந்திருந்தபோது மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தார். எழுந்து நிற்கவில்லை, எதையும் தூக்கவில்லை, உட்கார்ந்தபடி முன்பக்கம் குனிந்தார், அவ்வளவுதான்.

முதுகின் நடுவில் டக்கென்றது.

அந்தச் சத்தத்தை அவர் வெளியே கேட்டாரா உள்ளே கேட்டாரா என்று தெரியவில்லை. வலி ஒரு நொடி தாமதமாக வந்தது. வந்ததும் கண் இருட்டியது. விலாவைச் சுற்றி யாரோ கம்பியைக் கட்டி இறுக்கியதைப் போல் மூச்சு பாதியில் நின்றது. எப்படியோ மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தார். வேர்வை கழுத்தில் ஓடியது. கண்ணாடி தரையிலேயே கிடந்தது.

வலியைவிடப் பெரிதாக இன்னொன்று அவரைப் பிடித்து ஆட்டியது. நான் ஒன்றுமே செய்யவில்லையே. உட்கார்ந்த இடத்திலேயே ஒடிந்துவிட்டதே. ஓடாத தறியில் எப்படி இரும்பு முறியும்? அவர் இத்தனை மாதம் நம்பியிருந்தது காலடியிலிருந்து சரிந்தது. உட்கார்ந்தாலும் ஒடியும் என்றால் பிறகு உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எழுந்திருக்கப் பார்த்தார். துணி நாற்காலி குழியாக உள்வாங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெளியே வர இரண்டு கையையும் ஊன்றி உந்த வேண்டும். இடது மணிக்கட்டை நம்ப முடியாது. வலது கையை மட்டும் ஊன்றினார், முதுகு கிழிந்தது. தரையில் சரிந்து தவழ்ந்து போகலாமா? சரியும்போது இடுப்பு போனால்? இடுப்பு போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். படுக்கையோடு கிடந்து முதுகில் புண் வந்து போனவர்கள். சரியவும் பயம், உட்காரவும் பயம். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டாத இடத்தில் இருந்தது.

சமையலறையில் போன் அடித்தது. ராஜ்குமாராகத்தான் இருக்கும். "டேய், டேய்" என்று மணவாளன் போனைப் பார்த்துக் கெஞ்சினார். அது முழுவதும் அடித்துவிட்டு நின்றது. அப்பா சுப்பு மாமா கூட எங்கேயாவது போயிருப்பார் என்று அவன் நினைத்துக்கொள்வான். அப்படி நினைக்க வைத்ததே இவர்தானே.

"துரைக்கண்ணு" என்று கத்தினார். "யாராவது வாங்க."

பக்கத்துக் கூடத்தில் எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்ச் சாரியிலும் தறிகள். அந்தச் சத்தத்தில் தறிக்குப் பக்கத்தில் நிற்பவர்களே சைகையில்தான் பேசிக்கொள்வார்கள். மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கிழக்குரல் எங்கே எட்டும்? மூன்றாவது தடவை கத்தியபோது விலா பிடித்துக்கொண்டது. அத்தோடு வாயை மூடிக்கொண்டார். இப்படியே இந்த நாற்காலியில் செத்துப்போவேன் என்று தோன்றியது. காசியம்மாள் வந்து பின்கதவைத் தட்டுவாள், தூங்குகிறார் என்று போவாள், மறுபடி வருவாள். வாசலில் பூட்டு தொங்கும். நாற்றம் வந்த பிறகுதான் திறப்பார்கள். இதை நினைத்ததும் அவருக்கு உடம்பு வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது, ஆட்டத்தில் முதுகு இன்னும் வலித்தது.

வெயில் சாய்ந்து ஜன்னல் இடுக்கில் மஞ்சளாக வந்தபோது தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்தது. அதே நேரம் தறிகள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு நின்றன.

கரண்ட் போய்விட்டது.

தெரு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. கூடத்திலிருந்து பெண்கள் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். காற்றாட அவருடைய வாசற்படியில்தான் வந்து உட்கார்ந்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவர்கள். மணவாளன் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. ஐயோ, இப்போதா? எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு மறுபடி முயன்றார். "ஹா" என்று ஒரு முனகல் வந்தது.

வெளியே பேச்சு நின்றது.

"இன்னாக்கா சத்தம் அது?" கலைமகளின் குரல். தேசூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து துரைக்கண்ணுவிடம் தறி ஓட்டுகிற பெண்.

"இன்னா சத்தம்?"

"வூட்டு உள்ளருந்து."

"உள்ள யாருகீறா? அவரு ஓசூர் போய் எவ்ளோ நாளாவுது. பூட்டு தொங்குது பாரு."

மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முனகினார்.

"கேட்டுச்சாக்கா இப்போ?"

 அந்த இன்னொருத்தி குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா இந்த ஹால்லதான் போய்ச் சேந்துச்சு" என்றாள்.

புடவைகள் சரசரத்தன. படியிலிருந்து எழுந்துவிட்டார்கள். யாரோ "முருகா" என்றார்கள். கால்கள் தெருவின் நடுவுக்கு நகர்வது கேட்டது.

 அவர்கள் போகிறார்கள். தன் குரலைக் கேட்டுத் தன் மனைவியின் பேய் என்று பயந்து போகிறார்கள். கரண்ட் எந்த நேரமும் வந்துவிடும். வந்தால் எட்டுத் தறியும் ஓட ஆரம்பிக்கும், இந்த வீடு மறுபடி ஆளில்லாத வீடாகிவிடும். காப்பாத்துங்க என்று கத்தினால் பேயும் அப்படித்தான் கத்தும் என்பார்கள். தான் உயிரோடிருக்கிற மணவாளன் என்று எதைச் சொல்லி நிரூபிப்பது? மண்டை காலியாக இருந்தது. அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து, எங்கிருந்து வந்ததோ, பழைய பிட்டரின் கோபமும் வந்தது.

"அடியே கலைமகள்" என்று கத்தினார். குரல் கிழிந்து வந்தது. "நாலாவது தறியில பிக்கிங் ஸ்டிக் போல்ட்டு லூசாக்கீது. ரெண்டு மாசமா டக்கு டட்டக்குனு அடிச்சிகினுகீது. காது செவிடா உங்களுக்கெல்லாம்? அந்தக் கட்ட தெறிச்சி மூஞ்சில அடிச்சா கண்ணு போய்டும்டி. ஒருத்தனுக்கும் ஸ்பேனர் புடிக்கத் தெரியாதா?"

 அவருக்கு மூச்சு வாங்கியது.

"மாமா?" என்றாள் கலைமகள். கதவுக்கு மிக அருகில். "நீங்களா மாமா?"

"நான்தான்டி. உள்ளகீறேன். முதுகு ஒடிஞ்சிபோச்சு."

"நாலாவது தறி என்துதான்" என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. "அவரேதான்க்கா. இந்தத் திட்டு வேற யாருக்கு வரும்?" பிறகு ஓடும் சத்தம். மணவாளன் நாற்காலியில் கிடந்தபடி, மூக்கு ஒழுக, குழந்தையைப் போல் அழுதார்.

மகன் போன் நம்பர் சுப்பராயலுவிடம்தான் இருக்கும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். துரைக்கண்ணு சுத்தியலால் நாலு அடி அடித்துப் பூட்டை உடைத்தான். கதவு திறந்ததும் உள்ளே விழுந்த வெளிச்சத்தில் மணவாளனுக்குக் கண் கூசியது. வாசல் நிறையத் தலைகள். துரைக்கண்ணு நேரே வந்து அக்குளில் கையைக் கொடுத்தான்.

"தொடாதே. தொடாதேன்றேன். ஒடிஞ்சிடும். எல்லாம் ஒடிஞ்சிடும்."

"மாமா, தூக்கினாத்தானே..."

"அவன வுடு" என்றார் சுப்பராயலு. "நூத்தியெட்டு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு. அவங்க வந்து பலகையில தூக்கட்டும்." துரைக்கண்ணு போனோடு வெளியே போனான். சுப்பராயலு செம்பை எடுத்துத் தண்ணீரைச் சிறுகச் சிறுகப் புகட்டினார். தரையில் கிடந்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஓயாமல் பேசுகிற மனுஷன் ஒன்றும் பேசவில்லை. மணவாளனுக்கு அதுவே தாங்கவில்லை.

"ஓசூர் போலடா" என்றார்.

"தெரியும்."

"எப்புடி?"

"உள்ள ஃபேன் சுத்தற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு வாட்டியும் கேட்டுச்சு." சுப்பராயலு தரையைப் பார்த்தபடி சொன்னார். "என்னப் பாக்க உனக்குப் புடிக்கலன்னு நெனச்சிகினு போய்ட்டேன்."

மணவாளன் அவர் தோளைப் பிடித்தார். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வந்தது ஒன்றுதான். "பயமா இருந்துச்சு சுப்பு. வேற ஒண்ணுமே இல்ல. பயமா இருந்துச்சு."

ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் முதுகெலும்பில் ஒரு கண்ணி முன்பக்கம் நசுங்கியிருந்தது. அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி.

"எங்க விழுந்தீங்க?"

"விழலைங்க. உக்காந்துகினே இருந்தேன். மாசக்கணக்கா உக்காந்துதான் இருந்தேன். தேய்மானம்னு சொன்னாங்களே, தேயக்கூடாதுன்னு."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தையால வந்த வினையா இது? தேய்மானம்னு பேச்சுக்குச் சொல்றதுங்க. எலும்பு உரசித் தேயறது இல்ல. உள்ள இருக்கிற சத்து போய்ப் பொத்தல் பொத்தலா ஆகுது. மேல பாரம் விழுந்தாத்தான், நடந்தாத்தான், எலும்பு தன்னைத்தானே கட்டிக்கும். நீங்க உக்கார உக்கார அது கரைஞ்சுகிட்டே இருந்திருக்கு. ஆள் இல்லாம தனியா கெடக்கறவங்களுக்கு இது இன்னும் ஜாஸ்தியா ஆகுதுன்னு பார்க்கறோம். சாப்பாடு குறையும், வெயில் இருக்காது, மனசு படுத்துக்கும். மனசு படுத்தா உடம்பும் படுத்துக்கும்."

மணவாளன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். காப்பாற்றுவதாக நினைத்து அழித்திருக்கிறார். அடைத்து வைத்த ஒவ்வொரு நாளும் தன் முதுகைத் தானே தின்றிருக்கிறார். ஒரு வார்த்தையை நம்பி. ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

சில நாள் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். ராஜ்குமார் ஓசூரிலிருந்து வந்து கட்டிலருகில் உட்கார்ந்து அழுதான், திட்டினான், மறுபடி அழுதான். அதற்குப் பிறகு ஒரு காலையில் நர்ஸ் வந்து வயிற்றைச் சுற்றிப் பெரிய பெல்ட் ஒன்றைக் கட்டிவிட்டு, "இன்னிக்கு எழுந்து நிக்கணும்" என்றாள்.

கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார்கள். கீழே தரை, வழவழவென்று டைல்ஸ். மணவாளனுக்கு நாற்காலியில் கிடந்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. அப்போது செத்துப்போவோம் என்றுதான் பயம். இப்போது நிற்க வேண்டும். நின்றால் நசுங்கிய அந்தக் கண்ணிமேல் உடம்பு முழுவதும் இறங்கும். நல்லதுக்குத்தான் என்று டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிந்தது. கால்களுக்குப் புரியவில்லை. அவை கட்டிலுக்குக் கீழே பின்வாங்கி ஒளிந்துகொண்டன.

"நாளைக்கு நிக்கறேம்மா."

"நாளைக்கும் இதத்தான் சொல்லுவீங்க."

"முடியலம்மா. சத்தியமா முடியல."

நர்ஸ் மகனைக் கூப்பிடப் போனாள். சுப்பராயலு மட்டும் எதிரில் நின்றிருந்தார். கையை நீட்டினார். அந்தக் கை நடுங்குவதை மணவாளன் அப்போதுதான் கவனித்தார். முழங்கைக்குக் கீழே தோல் தொங்கியது. சாயத்தொட்டியில் பட்டு நூல் கழியை முக்கிப் பிழிகிற கை, முன்பெல்லாம் தேக்குக்கட்டை மாதிரி இருக்கும். முகமும் வெளுத்திருந்தது, வெயில் படாத வெளுப்பு.

"இன்னாடா ஆச்சு உனக்கு? இப்புடி வத்திப்போய்க்கீறே?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"டீ குடிக்கப் போறத வுட்டுட்டேன்" என்றார் சுப்பராயலு. "யாரு கூடப் போறது? பையன் சாயப்பட்டறையப் பாத்துக்கறான், நான் வூட்லயே டிவி பாத்துகினு உக்காந்திருந்தேன். போன மாசம் பாத்ரூம்ல கால் மடங்கிச்சு. படம் எடுத்துப் பாத்தாங்க. எனக்கும் அதே வார்த்தையத்தான் சொன்னாங்க."

 தன் வீட்டுக்குப் போட்ட பூட்டு ஒன்றுதான் என்று மணவாளன் நினைத்திருந்தார். அது பக்கத்துத் தெருவில் இன்னொரு கதவிலும் விழுந்திருக்கிறது. இந்த வாயாடி, தெருவெல்லாம் சிநேகிதம் வைத்திருந்தவன், மணவாளன் ஒருத்தன் இல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்து உட்கார்ந்து அவன் எலும்பும் கரைந்திருக்கிறது.

"உனக்கு நிக்க பயமா இல்லையாடா?" என்று கேட்டார்.

"இல்லாமயா? இப்பக்கூட பயந்துகினேதான் நிக்கறேன்."

மணவாளன் அந்த நடுங்கும் கையைப் பிடித்தார். முதுகு இப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது. ஒளிந்திருந்த கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தார்.

"கெட்டியாப் புடிச்சிக்க" என்றார். "நான் வுழுந்தா நீயும் வுழுவே."

"தெரியும், எந்திரி" என்றார் சுப்பராயலு.